வீட்டு நாயின் தோலில் பூசண நோய்

(உழவர் மன்றக் கூட்டம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



நெல்லுக்கு அடியுரம் எவ்வளவு, நிலக்கடலைக்குக் களை எப்போது எடுப்பது என்று உங்களிடம் பேசுகிறவன் நான். இன்று நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் வியப்படையலாம். நான் கால்நடை மருத்துவன் அல்லன். ஆனால் பூசணங்களைப் பற்றி ஓரளவு படித்தவன். அந்தப் படிப்பை நம்பி, என் வீட்டு நாய்க்கு என் கையாலேயே ஒரு தீங்கைச் செய்துவிட்டேன். அதே தவறு உங்களில் எவருக்கும் நேரக்கூடாது என்பதே இந்த உரையின் நோக்கம். மருத்துவம் பற்றி இதில் சொல்பவை யாவும் கால்நடை மருத்துவரிடம் கேட்டும், நூல்களில் படித்தும் நான் தெளிந்தவை.

தோட்டத்தில் குடியிருக்கும் நமக்கு நாய் வெறும் செல்லப் பிராணி அன்று. இரவில் பட்டியைக் காக்கிறது. கடலைக் காட்டில் பன்றியை விரட்டுகிறது. களத்தில் எலியைப் பிடிக்கிறது. வாசலில் குழந்தைகளோடு உருண்டு விளையாடுகிறது. ஆகவே அதன் தோலில் ஒரு நோய் வந்தால் அது அதோடு நிற்பதில்லை.

நடந்தது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழை ஓய்ந்த சமயம். ஊரில் எங்கள் தோட்டத்து நாய் மணியின் மூக்கின் மேல், பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்திருந்தது. "மண்ணைத் தோண்டுகிற நாய்தானே, தோல் உரிந்திருக்கும்" என்றார் அப்பா. இரண்டு வாரம் கழிந்தது. காதடியில் ஒன்று, முன்காலில் ஒன்று என்று மேலும் இரண்டு வட்டங்கள் தோன்றின. அரைப் பரீட்சை விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காள் மகளின் முழங்கைக்குக் கீழே சிவந்த வளையம் ஒன்று தோன்றியது. அன்று மாலை அப்பா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: "பிள்ளைக்கு ஒட்டிவிட்டது. நாயைக் கொண்டுபோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடு."

நான் தடுத்தேன். "இது பூசணம்தான் அப்பா. நானே சரி செய்கிறேன்" என்றேன். அந்த ஆண்டு நிலக்கடலையில் டிக்கா இலைப்புள்ளி நோய்க்குத் தெளித்தது போக எஞ்சிய ஹெக்சகோனசோல் மருந்து சாளையில் இருந்தது. அதைத் தண்ணீரில் கலந்தேன். பயிருக்குக் கலக்கும் அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே கலந்தேன். துணியில் நனைத்து மூன்று இடங்களிலும் அழுத்தித் துடைத்துவிட்டேன்.

இரவு பத்து மணிக்கு மணியின் வாயிலிருந்து எச்சில் ஒழுகத் தொடங்கியது. விடிவதற்குள் நான்கு முறை வாந்தி எடுத்தது. மருந்து பட்ட இடமெல்லாம் சிவந்து கன்றிப்போயிற்று. இரண்டு நாள் சோற்றை முகர்ந்தும் பார்க்கவில்லை. அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் சென்றேன். மருத்துவர் நாயைக் கழுவி, ஊசி போட்டு, ஒன்றும் பேசாமல் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்கள் மருந்து தெளிக்கிற இலை தன்னைத்தானே நக்கிக்கொள்வதில்லை, சார்."

பூசணவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய எனக்கு அந்த ஒரு வாக்கியம் தெரியாமல் போயிற்று.

தோலில் வாழும் பூசணம்

பயிரின் இலையில் பூசணம் மாவுச்சத்தையும் சாற்றையும் நாடுகிறது. உயிர்களின் தோலில் வாழும் பூசணங்களில் ஒரு கூட்டம் கெரட்டின் என்னும் புரதத்தை உண்கிறது. முடி, நகம், கொம்பு, குளம்பு, இறகு, தோலின் மேலடுக்கு ஆகியவை எல்லாம் கெரட்டினால் ஆனவை. உயிருள்ள தசைக்குள் இப்பூசணங்கள் பொதுவாக இறங்குவதில்லை. முடியின் தண்டுக்குள்ளும் சுற்றிலும் வளர்ந்து அதைப் பலமிழக்கச் செய்கின்றன. அதனால் முடி தோலோடு ஒட்ட ஒடிந்துவிடுகிறது. நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பூசணம் பரவுவதால் வட்ட வடிவம் உண்டாகிறது. இதையே நாம் படர்தாமரை என்றும், படை என்றும் சொல்கிறோம்.

நாய்களில் இந்நோயை உண்டாக்குபவை பெரும்பாலும் மூன்று இனங்கள். அவை வரும் வழிகளும் மூன்று.

முதலாவது, மைக்ரோஸ்போரம் கேனிஸ். பெயரில் நாய் இருந்தாலும் இதன் உண்மையான இருப்பிடம் பூனை. பூனையின் உடலில் ஒரு புண்ணும் இல்லாமலேயே முடியில் இப்பூசணம் தங்கியிருக்கக்கூடும்.

இரண்டாவது, நன்னிசியா ஜிப்சியா. முன்பு இதை மைக்ரோஸ்போரம் ஜிப்சியம் என்று அழைத்தனர். இது மண்ணில் வாழ்வது. நிலத்தில் விழும் முடியையும் கோழி இறகையும் மக்கச் செய்யும் வேலைக்காரர்களுள் இதுவும் ஒன்று. மண்ணைத் தோண்டி மூக்கை நுழைக்கும் நாய்க்கு மூக்கிலும் முன்பாதத்திலும் இது தொற்றுகிறது.

மூன்றாவது, டிரைகோபைட்டான் மென்டாகுரோபைட்டிஸ். இது எலி முதலிய கொறிக்கும் பிராணிகளிடமிருந்து வருவது. வளையைக் கிளறி எலி பிடிக்கும் நாய்களுக்கு முகத்தில் காண்கிறோம்.

பூசணம் நோயை உண்டாக்கும் என்று மனிதன் முதலில் கற்றுக்கொண்டதே பயிரிலிருந்துதான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கோதுமையின் கரிப்பூட்டை நோய்க்குக் காரணம் ஒரு பூசணமே என்று பிரான்சு நாட்டில் பெனடிக்ட் பிரெவோ 1807-இல் எழுதினார். பட்டுப்புழுவைச் சாகடிக்கும் வெண்ணிறப் படிவு ஒரு பூசணம் என்று இத்தாலியில் அகொஸ்தினோ பாஸி 1835-இல் காட்டினார். அதன்பின் 1841-இல் பாரீஸ் நகரில் டேவிட் குரூபி என்னும் மருத்துவர், மனிதரின் தலையில் வரும் ஒருவகைப் படைக்கும் பூசணமே காரணம் என்று நிறுவினார். பயிர், புழு, மனிதன் என்று அந்த அறிவு நடந்து வந்திருக்கிறது. ஆனால் அறிவு அவ்வாறு நடந்து வரலாம். மருந்துக் குப்பி அவ்வாறு நடந்து வரக்கூடாது. நான் செய்த தவறு அதுவே.

நோயின் அறிகுறிகள்

தொற்று ஏற்பட்ட ஒன்று முதல் மூன்று வாரங்களில் அறிகுறி தென்படும். முகம், காது, கால், வால் ஆகிய இடங்களில் முடி உதிர்ந்த வட்டங்கள் தோன்றும். அவற்றில் சாம்பல் போன்ற செதில்கள் காணப்படும். ஓரத்தில் முடி கத்தரித்தாற்போல் ஒடிந்திருக்கும். சில வேளை வட்டத்தின் ஓரம் சிவந்திருக்கும். மண்ணிலிருந்து வரும் இனமாயின் மூக்கின் மேல் தடித்த, சீழ் கொண்ட கட்டி போலவும் வரலாம். நகத்தில் தொற்றினால் நகம் நொய்ந்து கோணலாகும்.

அரிப்பு பெரும்பாலும் இராது. இருந்தாலும் மிகக் குறைவே. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாய் இரவு பகலாகச் சொறிந்து கொள்ளுமானால் அது வேறு நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

குட்டிகள், கிழட்டு நாய்கள், குடற்புழுவும் உண்ணியும் மிகுந்து மெலிந்தவை ஆகியவற்றை இந்நோய் எளிதில் பற்றும். நல்ல உடல்நிலையுள்ள நாய்க்குச் சில மாதங்களில் தானாகவே ஆறிவிடுவதும் உண்டு. அப்படியானால் மருத்துவம் எதற்கு என்று கேட்பீர்கள். ஆறும் வரையில் ஒவ்வொரு நாளும் அது ஒடிந்த முடிகளைத் திண்ணையிலும் பாயிலும் சிந்திக்கொண்டே இருக்கும். அந்த முடியில் உள்ள வித்துக்கள் காய்ந்த இடத்தில் ஓர் ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். 18 மாதங்கள் வரை இருந்ததாகவும் கண்டிருக்கிறார்கள். வைக்கோலில் விழுந்த களைவிதை போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் சொறியும் பூசணம் அன்று

முடி உதிர்ந்த நாயைக் கண்டதும் படர்தாமரை என்று முடிவு கட்டுவது, மஞ்சளான இலையைக் கண்டதும் தழைச்சத்துக் குறைவு என்று யூரியா போடுவதற்கு ஒப்பாகும். உண்மையில் நாய்களில் பூசணப் படையைவிட வேறு தோல் நோய்களே மிகுதி. அவற்றுள் முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

1. சொறிப்பூச்சி: கண்ணுக்குத் தெரியாத இச்சிறு பூச்சி தோலைக் குடைந்து செல்லும். அரிப்பு தாங்க முடியாததாக இருக்கும். காது ஓரம், முழங்கை, வயிற்றுப்புறம் ஆகிய இடங்களில் தொடங்கும். இதுவும் மனிதருக்கு அரிப்பை உண்டாக்கும்.

2. முடிக்குழிப் பூச்சி: பெரும்பாலும் குட்டிகளில் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முடி உதிரும். அரிப்பு குறைவு. பார்வைக்குப் படர்தாமரை போலவே இருப்பதால் பெரும்பாலோர் ஏமாறுவது இதில்தான். இது மனிதருக்குத் தொற்றாது.

3. தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை: வாலின் அடியிலும் இடுப்பின் மேலும் முடி உதிரும். நாய் திரும்பித் திரும்பிக் கடித்துக்கொள்ளும்.

4. பாக்டீரியாப் புண்: சிறு சீழ்க் கொப்புளங்கள் உடைந்து வட்டமாகச் செதில் விடும். இதுவும் வட்டமே.

வட்டத்தைக் கொண்டு நோயைச் சொல்ல முடியாது என்பது இதனால் விளங்கும். மருத்துவர் தோலைச் சுரண்டி எடுத்தும், ஒடிந்த முடியைப் பிடுங்கியும் நுண்ணோக்கியில் பார்ப்பார். உட்ஸ் விளக்கு என்னும் ஊதா ஒளி விளக்கை இருட்டறையில் காட்டிப் பார்ப்பதும் உண்டு. மைக்ரோஸ்போரம் கேனிஸ் பற்றிய முடி அந்த ஒளியில் பச்சையாக மின்னும். மற்ற இரண்டு இனங்களும் மின்னுவதில்லை. ஆகவே மின்னவில்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. முடியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பூசணத்தை வளர்த்துப் பார்ப்பதே உறுதியான சோதனை. அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும்.

ஈரக்காலத்து ஈஸ்ட் நோய்

இன்னொரு பூசணத்தையும் தனியே அறிந்துகொள்ள வேண்டும். மலசீசியா என்னும் ஈஸ்ட் எல்லா நாய்களின் தோலிலும் சிறிய அளவில் இயல்பாகவே இருக்கிறது. ஒவ்வாமையாலோ, ஈரத்தாலோ, வேறு நோயாலோ தோலின் நிலை கெடும்போது இது பெருகிவிடுகிறது. காதுக்குள், விரலிடுக்கில், அக்குளில், கழுத்தின் அடியில் தோல் பிசுபிசுப்பாகும். ஊறல் எடுத்துப் புளித்த வாடை வீசும். நாளானால் தோல் கறுத்து யானைத்தோல் போலத் தடிக்கும். காதில் பழுப்பு நிற அழுக்குச் சேரும். இதில் அரிப்பு மிகுதி.

இது படர்தாமரை போல ஒட்டுவாரொட்டி நோய் அன்று. உடல் நலமுள்ள மனிதருக்கு இதனால் பொதுவாக அச்சமில்லை. ஆனால் இது பெருகியதற்கான மூலகாரணத்தைக் கண்டு நீக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும். வடிகால் இல்லாத வயலில் வேரழுகலுக்கு மருந்து ஊற்றிக்கொண்டே இருப்பதால் பயன் உண்டா? அது போன்றதே இதுவும்.

மருத்துவம்

படர்தாமரைக்கு மேற்பூச்சு, உள்மருந்து, இடத்தைத் துப்புரவு செய்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தே நடைபெற வேண்டும்.

மேற்பூச்சாக மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த மருந்து ஷாம்பூவை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். பொதுவாக வாரம் இருமுறை குளிப்பாட்ட வேண்டும். நுரையைப் பூசிய உடனே தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது. பத்து நிமிடம் ஊற வேண்டும். நம்மில் பலர் தவறுவது இதில்தான். மலசீசியாவுக்கும் இதே வகை ஷாம்பூ பயன்படும். வட்டத்தின் மேல் மட்டும் களிம்பு தடவுவது போதாது. கண்ணுக்கு நன்றாகத் தோன்றும் முடியிலும் வித்து இருக்கும்.

உள்மருந்தாக இட்ராகோனசோல், டெர்பினாபின் போன்றவற்றை நாயின் எடைக்கேற்ப மருத்துவர் தருவார். முன்னாளில் கிரிசியோபுல்வின் பெரிதும் பயன்பட்டது. இம்மருந்தின் கதை உழவர்களுக்குச் சுவையானது. 1939-இல் ஒரு பெனிசிலியம் பூசணத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இதனைப் பயிர்களின் பூசண நோய்க்கு உதவுமா என்றே முதலில் ஆராய்ந்தனர். 1958-இல்தான், வாய்வழி கொடுத்தால் கினிப்பன்றியின் படர்தாமரை ஆறுகிறது என்று ஜென்டில்ஸ் என்பவர் காட்டினார். சினையுற்ற நாய்க்கும் பூனைக்கும் இதைக் கொடுத்தால் குட்டிகள் ஊனமாகப் பிறக்கும். எனவே உங்கள் பெட்டை நாய் சினையாக இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முடி முளைத்துவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது. பொதுவாக ஆறு வாரமோ அதற்கு மேலோ மருத்துவம் தேவைப்படும். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டும். பாதி அளவில் தெளிப்பை நிறுத்தினால் பூச்சி மருந்துக்குப் பழகிவிடுவதை நீங்கள் வயலில் கண்டிருக்கிறீர்கள். பூசணமும் அப்படியே.

பயிர் மருந்து ஏன் ஆகாது?

என் தவறுக்கு நான் சொல்லிக்கொண்ட நியாயம் இது: ஹெக்சகோனசோலும் புரோபிகோனசோலும் எந்தக் குடும்பமோ, அதே அசோல் குடும்பந்தான் மைக்கோனசோலும் இட்ராகோனசோலும். இரண்டும் பூசணத்தின் உயிரணுச் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்னும் பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. வேலை ஒன்றே. ஆகவே மருந்தும் ஒன்றே என்று எண்ணினேன்.

அது பிழை. பயிர் மருந்தில் மருந்துப் பொருள் மட்டும் இல்லை. அதைக் கரைக்கும் எண்ணெய்க் கரைப்பானும், இலையில் ஒட்டச் செய்யும் பொருளும் சேர்ந்திருக்கின்றன. அவை தோலைப் பொசுக்கும். நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. தோலின் வழி உட்செல்வது போக, நாய் தன்னை நக்கி மருந்தை நேராக வயிற்றுக்கே அனுப்பிவிடும். எத்தனை மில்லி நாய்க்குத் தாங்கும் என்று அந்தக் குப்பியின் சீட்டில் யாரும் எழுதவில்லை, ஏனெனில் அது நாய்க்காகச் செய்யப்பட்டதே அன்று.

இதே காரணத்தால் கீழ்க்கண்டவற்றையும் நாயின் மேல் பூசக் கூடாது.

கழிவு எஞ்சின் எண்ணெய்: நம் ஊர்களில் சொறி நாய்க்கு இதைத் தடவுவது பழக்கம். தோல் வெந்துபோவதோடு, நக்கினால் ஈரலும் சிறுநீரகமும் கெடும்.

மண்ணெண்ணெய், பினாயில்: பூனைக்கு இவை இன்னும் கொடியவை.

உண்ணிக்கென்று பூசும் பயிர்ப் பூச்சிமருந்துகள்: நரம்பைத் தாக்கி வலிப்பு உண்டாக்கி உயிரைப் பறிக்கும்.

மயில்துத்தம், நனையும் கந்தகம்: தோட்டத்தில் இருக்கிறதே என்று கையை வைக்காதீர்கள். கந்தகமும் சுண்ணாம்பும் சேர்ந்த கரைசலைச் சில நாடுகளில் கால்நடை மருத்துவர்கள் படர்தாமரைக்குப் பயன்படுத்துவது உண்மையே. ஆனால் அது அதற்கென்று அளவோடு செய்யப்பட்ட மருந்து. காயும்வரை நாய் நக்காதபடி காத்திருந்து பயன்படுத்துவது.

மஞ்சளும் வேப்பிலையும் பூசலாமா என்று கேட்பீர்கள். அவற்றால் மட்டும் இந்நோய் தீரும் என்று நம்பி நாளைக் கடத்துவதே தவறு. அந்த நாட்களில்தான் நோய் குழந்தைக்குப் போகிறது.

தெரியாமல் ஏதேனும் பூசிவிட்டால், உடனே சாதாரண சோப்பும் நிறையத் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். நாயை நக்கவிடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மருந்துக் குப்பியை அதன் சீட்டோடு கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரையுங்கள். நான் அன்று குப்பியை எடுத்துச் செல்லவில்லை. மருத்துவர் என்னைத் திருப்பி அனுப்பி எடுத்துவரச் செய்தார். அதில் ஒரு மணி நேரம் வீணாயிற்று.

இடத்தைத் துப்புரவு செய்தல்

நாயை மட்டும் குணப்படுத்திவிட்டு இடத்தை விட்டுவிட்டால் நோய் மீண்டும் வரும். நாய் படுக்கும் சாக்கை எரித்துவிடுங்கள். துணிகளைச் சோப்பு போட்டு இருமுறை துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். சிமெண்ட் தரையில் முதலில் முடியைக் கூட்டி அள்ளி எரித்து, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுங்கள். அதன்பின் கடையில் கிடைக்கும் திரவ பிளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரமாக இருக்கும்படி ஊற்றிவிடுங்கள். அழுக்கின் மேல் பிளீச் ஊற்றினால் பயனில்லை. கழுவியது முதல், ஊற்றியது பிறகு. பிளீச்சை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுப்புகை உண்டாகும். அந்த நேரத்தில் நாயும் குழந்தைகளும் அருகில் இருக்கக்கூடாது.

மண் தரையில் இவ்வாறு செய்ய இயலாது. அங்கே முடியை அகற்றி, வெயில் படும்படி இடத்தைத் திறந்துவிட்டு, நாயின் படுக்கையை வேறிடத்துக்கு மாற்றுவதே வழி.

மருத்துவம் முடியும்வரை நாயை ஓரிடத்தில் கட்டி வையுங்கள். ஆனால் இருட்டில் ஒதுக்கி வைக்காதீர்கள். வெயிலும் நிழலும் காற்றும் உள்ள இடமாக இருக்கட்டும். அதைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். குளிப்பாட்டும் பொறுப்பைப் பெரியவர் ஒருவரே ஏற்றுக்கொள்ள வேண்டும். நாளும் வெறும் சோறு மட்டும் போடாமல் முட்டை, மீன், பருப்பு என்று புரதம் சேருங்கள். முடியே புரதந்தான். புரதமில்லாமல் முடி எப்படி முளைக்கும்?

மனிதருக்குத் தொற்றினால்

குழந்தைகளின் கை, கழுத்து, தலை ஆகிய இடங்களில் சிவந்த வளையம் கண்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் நாய்க்கோ, பூனைக்கோ, கன்றுக்கோ படை இருப்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கன்றின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொருக்குத் தட்டும் படை வேறோர் இனப் பூசணத்தால் வருவது. அதுவும் மனிதருக்குத் தொற்றும்.

என் அக்காள் மகளுக்கு மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டிருந்தார்கள். இரண்டு நாளில் சிவப்பும் அரிப்பும் மறைந்தன. நிறுத்தியதும் வளையம் இரண்டு மடங்கு அகலமாகத் திரும்பி வந்தது. அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஸ்டீராய்டு எரிச்சலை அடக்குகிறது. அதோடு தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடுவதால் பூசணம் தடையின்றி வளர்கிறது.

இன்று நம் நாட்டில் மனிதருக்கு மனிதர் பரவும் பிடிவாதமான படை ஒன்று பெருகியிருக்கிறது. அதற்குக் காரணமான பூசணத்துக்கு 2020-இல் டிரைகோபைட்டான் இன்டோடினியே என்று நம் நாட்டின் பெயரையே சேர்த்து வைத்தனர். அவற்றில் பல டெர்பினாபினுக்கு அடங்குவதில்லை. இத்தகைய கலவைக் களிம்புகளை மனம்போல் பூசியதும் இந்நிலைக்கு ஒரு காரணமென மருத்துவர்கள் கருதுகின்றனர். அது நாயிடமிருந்து வந்த நோய் அன்று. ஆகவே வீட்டில் யாருக்குப் படை வந்தாலும் நாயைக் குற்றவாளியாக்குவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

நாயைக் கைவிடலாமா?

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மணி தேறி உட்கார்ந்த பிறகு மருத்துவர் என்னைக் கேட்டார்: "வீட்டில் பூனை உண்டா?" சாளையின் வைக்கோலில் ஒரு பூனைக்குட்டி இருப்பதைச் சொன்னேன். "அதையும் கொண்டு வாருங்கள்" என்றார். அதன் உடம்பில் ஒரு புண்ணும் இல்லை, ஒரு முடியும் உதிரவில்லை. இருட்டறையில் ஊதா விளக்கைக் காட்டினார். மணியின் மூக்கோரத்தில் ஒடிந்த முடிகள் பச்சையாக மின்னின. பூனைக்குட்டியின் இரு காதடிகளிலும் அதே பச்சை.

அந்தக் குட்டியைத்தான் அக்காள் மகள் விடுமுறை முழுவதும் மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அப்பா சொன்னபடி மணியை ஆற்றுக்கு அப்பால் விட்டிருந்தால் வீட்டில் நோய் அப்படியே இருந்திருக்கும். போன இடத்தில் அது வேறு நாய்களுக்கும் பரப்பியிருக்கும். அல்லது பசியால் செத்திருக்கும். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

நாய்க்கும் பூனைக்கும் சேர்த்து மருத்துவம் செய்தோம். வாரம் இருமுறை குளிப்பாட்டும் வேலையை அப்பாவே ஏற்றுக்கொண்டார். பத்து நிமிடம் கணக்கிடக் கடிகாரத்தைக் கழற்றித் திண்ணையில் வைத்துக்கொள்வார். குழந்தைக்குத் தோல் மருத்துவர் கொடுத்த மருந்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு ஆறியது. மணிக்கு முடி முளைக்க இரண்டரை மாதம் ஆயிற்று. நான் மருந்தை அழுத்தித் தேய்த்த மூக்கின் மேல் மட்டும் முடி வெள்ளையாக முளைத்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த வெள்ளையை நான் பார்க்கிறேன்.

வேளாண் பெருமக்களே, சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். முடி உதிர்ந்த வட்டத்தைக் கண்டால் முதல் வாரத்திலேயே கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். வீட்டிலுள்ள பூனையையும் கன்றையும் சேர்த்துக் காட்டுங்கள். பயிருக்கான மருந்தைப் பயிரோடு நிறுத்துங்கள். கொடுத்த மருந்தைச் சொன்ன நாள் வரை கொடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். நோயுற்ற நாயைக் கையாளும்போது அது கடிக்க நேரலாம். நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்பும் நீரும் கொண்டு காயத்தைக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நம் பட்டியையும் களத்தையும் காக்கின்ற அந்த வாயில்லாச் சீவனுக்கு, தன் தோலில் என்ன வந்திருக்கிறது என்று சொல்லத் தெரியாது. நாம்தான் கவனித்துப் பார்க்க வேண்டும்.